கிழட்டு கார்டும் ஆயிரம் மில்லிவோல்ட்டும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் டெக்னிகல் சமாச்சாரம்தான். ஆனால் கம்ப்யூட்டர் பிடிக்காதவர்கள் ஓடிவிட வேண்டாம். இதில் ஒரு பாட்டி வருகிறார், ஒரு கல்யாணம் வருகிறது, நான் செய்த ஒரு தப்பும் வருகிறது.

முதலில் கதாநாயகன் அறிமுகம். என் கம்ப்யூட்டரில் இருப்பது ரேடியான் ஆர்எக்ஸ் 580 என்கிற கிராபிக்ஸ் கார்டு. ஏஎம்டி இதை வெளியிட்டது 2017 ஏப்ரலில். நான் வாங்கியது 2023-ல், செகண்ட் ஹேண்டில், ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு. அதற்கு முன் எங்கே இருந்தது, எத்தனை கை மாறியது என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அனேகமாக ஏதோ ஒரு மைனிங் கூடத்தில் ராப்பகலாக ஓடிய கார்டாக இருக்கும். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம், கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்யும் முறையையே கைவிட்டது. அன்றைக்கு வேலை இழந்த கார்டுகள் உலகம் முழுக்க பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. என்னைப் போன்ற மாணவர்களுக்கு அதுதான் தீபாவளி.

வாங்கி வந்த அன்றே நண்பர்கள் சொன்னது: "ஓவர்கிளாக் பண்ணுடா மச்சான். சும்மா கிடைக்கிற வேகம். ஏன் விடுற?"

நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். வயசான கார்டில் வோல்டேஜையும் கிளாக்கையும் தொடுவதாக இருந்தால் மேலே ஏற்றாதீர்கள், கீழே இறக்குங்கள். இறக்கும்போதும் அடுத்தவன் சொன்ன எண்ணைப் போடாதீர்கள். உங்கள் கார்டின் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். இவ்வளவுதான் கட்டுரை. ஏன் என்று கேட்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

ஓவர்கிளாக் செய்வதற்கு இப்படி ஒரு கௌரவம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் அது நிஜமாகவே இனாம்தான். 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு பிராசசரை விட்டது. பெயரில் உள்ளபடி அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அதே பிராசசர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பாதிக்குப் பாதி அதிகம்! 2002-ல் ஏடிஐ வெளியிட்ட ரேடியான் 9500 கார்டில் பாதி பைப்லைன்களை மூடி வைத்து விற்றார்கள். சில கார்டுகளில் டிரைவரைக் கொஞ்சம் நோண்டினால் அவை திறந்துகொண்டு, விலை அதிகமான 9700-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கும் "சும்மா கிடைக்கிற வேகம்" என்கிறார்கள்.

ஆனால் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாம் எடுத்துக்கொண்டிருந்த இனாமை அவர்களே எடுத்து, பெயர் மாற்றி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கார்டே அதற்குச் சாட்சி.

2016 ஜூனில் ஆர்எக்ஸ் 480 வந்தது. அதிகபட்ச வேகம் 1266 மெகாஹெர்ட்ஸ், கார்டுக்கு ஏஎம்டி சொன்ன மின்திறன் 150 வாட். அடுத்த வருடம் வந்த ஆர்எக்ஸ் 580-ல் இருப்பது அதே வடிவமைப்புதான். அதே 14 நானோமீட்டர், அதே 2304 ஷேடர்கள். வேகம் மட்டும் 1340 மெகாஹெர்ட்ஸ் ஆனது. மின்திறன்? 185 வாட். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் கூடியது கிட்டத்தட்ட 6 சதவீதம், கரண்ட் கூடியது 23 சதவீதம். ஆறு ரூபாய் சம்பள உயர்வுக்கு இருபத்து மூன்று ரூபாய் பஸ் செலவு மாதிரி.

இத்தனைக்கும் அந்த 480-ஏ அடக்க ஒடுக்கமான கார்டு கிடையாது. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது விதி. வந்த புதிதில் 480 அந்த எல்லையைத் தாண்டி இழுக்கிறது என்று விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள். 2016 ஜூலையில் புது டிரைவர் விட்டுத்தான் ஏஎம்டி அதைச் சரி செய்தது. அப்படி ஏற்கெனவே விளிம்பில் நின்ற சிப்பை இன்னும் ஒரு தள்ளு தள்ளி விற்றதுதான் 580. அதாவது நம் கைக்கு வரும்போதே இது ஓவர்கிளாக் ஆன கார்டு. நாம் மறுபடி ஏற்றுவது, பந்தியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவனை மறுபடி உட்கார வைத்து இலை போடுவது.

கொஞ்சம் வேகத்துக்கு இவ்வளவு கரண்ட் ஏன் போகிறது? இரண்டாம் வருடத்தில் படித்த சூத்திரம்தான். (படித்தோமா என்று கேட்காதீர்கள்.) ஒரு சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்திறன், வோல்டேஜின் இருமடிக்கும் கிளாக் வேகத்துக்கும் ஏற்பக் கூடும். இங்கே வில்லன் அந்த இருமடி. வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் திறந்து மூட வேண்டும். அதற்கு வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வேகம் ஒரு முறை பெருக்கும், வோல்டேஜ் இரண்டு முறை பெருக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் நமக்கு லாபம். என் கார்டு 1340 மெகாஹெர்ட்ஸுக்கு 1150 மில்லிவோல்ட் கேட்டது. வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 1050-க்கு இறக்கினால், சூத்திரப்படி அந்தச் செலவில் 17 சதவீதம் மிச்சம். வேகத்தையும் 1257-க்கு இறக்கி வோல்டேஜை 1000-க்குக் கொண்டுவந்தால் 29 சதவீதம் மிச்சம். இழப்பது 6 சதவீத வேகம்.

இதெல்லாம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து நான் ஞானி மாதிரி நடந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஏற்றித்தான் பார்த்தேன். 1450 மெகாஹெர்ட்ஸ், 1200 மில்லிவோல்ட். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் சூடு 88 டிகிரிக்குப் போனது, கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான் ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைவான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது! பேன் மட்டும் முழு வேகத்தில்.

என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். அடுத்த அறையில் பாட்டி படுத்திருக்கிறார். கதவைத் தட்டிக் கேட்டார்: "ஏண்டா, இந்நேரத்துல யாருடா மிக்ஸி போடுறது?"

மிக்ஸி இல்லை பாட்டி, உங்கள் பேரனின் சும்மா கிடைத்த வேகம்.

மெமரியையும் விடவில்லை. 2000 மெகாஹெர்ட்ஸில் இருந்ததை 2150 ஆக்கினேன். திரை உறையவில்லை, கோடு விழவில்லை, எல்லாம் நலம். ஆனால் பெஞ்ச்மார்க் மதிப்பெண் குறைந்திருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வகை மெமரியில் தகவல் போகும் வழியில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. அளவுக்கு மேல் ஏற்றினால் கார்டு விழாது. திரும்பத் திரும்ப அனுப்பியே நேரத்தைக் கழிக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி பிழைகளை எண்ணிக் காட்டும் ஒரு வரி இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "விழவில்லை" என்பதும் "நன்றாக இருக்கிறது" என்பதும் ஒன்றில்லை. இந்தப் பாடத்தை அன்றைக்கே ஒழுங்காகக் கற்றிருந்தால் பின்னால் வரும் கல்யாணக் கதை நடந்திருக்காது.

சரி, இறக்கிப் பார்த்த கதைக்கு வருவோம்.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 1257 மெகாஹெர்ட்ஸ், 1000 மில்லிவோல்ட் என்று நிறுத்தினேன். சிப் இழுக்கும் மின்திறன் 142 வாட்டிலிருந்து 101-க்கு வந்தது. (இது சிப்புக்கு மட்டும். மெமரி, பேன், மற்றதெல்லாம் தனி. ஏஎம்டி கார்டில் மென்பொருள் காட்டும் எண்ணை முழுக் கார்டின் செலவு என்று நினைத்துப் பலர் ஏமாறுவார்கள்.) சூடு 82-லிருந்து 69. ஒரு கேமில் 62 பிரேம் வந்த இடத்தில் 59 வந்தது. அந்த மூன்று பிரேம் எங்கே போனது என்று கண்ணால் பார்த்துச் சொல்பவருக்கு நான் பரோட்டா வாங்கித் தருகிறேன். பாட்டியிடமிருந்து அதற்குப் பிறகு மிக்ஸி புகார் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் திட்டித் தீர்க்கிற மைனிங்காரர்கள் இதை எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கரண்ட் பில்தான் முதலீடு. எத்தீரியத்துக்கு மெமரி வேகம்தான் முக்கியம் என்பதால் கோர் கிளாக்கையும் வோல்டேஜையும் இறக்கித்தான் ஓட்டினார்கள். பேன்தான் பாவம், தேய்ந்து போயிருக்கும்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். குறைந்த வோல்டேஜிலேயே ஓடும் என்றால் கம்பெனிக்காரன் ஏன் 1150 வைத்து விற்றான்? அவன் என்ன முட்டாளா?

இல்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற டெய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். "வளர்ற பையன், கொஞ்சம் லூசா தைங்க" என்று அம்மா சொல்வார். டெய்லரும் இரண்டு இன்ச் சேர்த்தே தைப்பார். சிப் கம்பெனியும் அப்படித்தான். ஒரே ஈட்டில் வெந்த இட்லியிலும் நடு இட்லி வேறு, ஓரத்து இட்லி வேறு. ஒரே சிலிக்கான் தட்டில் பிறந்த சிப்களும் அப்படி. ஒன்றுக்கு 1000 மில்லிவோல்ட் போதும், பக்கத்தில் இருந்ததற்கு 1100 வேண்டும். லட்சக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொன்றையும் உட்கார வைத்து அளவெடுக்க முடியாது. தேறியவற்றிலேயே சுமாரான சிப்பும், வெயில் காலத்தில், மோசமான பவர் சப்ளையிலும், சில வருடம் கழித்தும் ஓட வேண்டும். அதற்கு எவ்வளவு வேண்டுமோ அதை எல்லோருக்கும் வைத்துவிடுகிறார்கள். நாம் இறக்குவது அந்த லூஸைத்தான்.

ஆக, லூஸ் என்பது வீண் இல்லை. யாரோ யோசித்து வைத்தது. அதைப் பிடித்துத் தைக்கிறவர்கள் அந்தப் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். இதை நான் கற்றுக்கொண்டதுதான் அந்தக் கல்யாணத்தில்.

எங்கள் காலேஜில் ஒரு ஜூனியர் தம்பி. படிப்புச் செலவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பான். அவனிடமும் ஆர்எக்ஸ் 580. அறை சூடாகிறது, ராத்திரி முழுக்க எக்ஸ்போர்ட் ஓடினால் அப்பா கரண்ட் பில்லுக்குத் திட்டுகிறார் என்று என்னிடம் வந்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவன் கார்டை உட்கார்ந்து சோதித்திருக்க வேண்டும். நான் செய்தது, வாட்ஸ்அப்பில் இரண்டு எண்ணை அனுப்பியது. 1257, 1000. "போட்டுட்டுத் தூங்கு. ஒண்ணும் ஆகாது."

அவன் ஒரு மணி நேரம் கேம் ஆடிப் பார்த்தான். விழவில்லை. எனக்கு நன்றி சொன்னான். மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாண வீடியோவை ராத்திரி எக்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் அங்கங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு பென் டிரைவில் கொடுத்துவிட்டான். பெண் வீட்டில் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு டிவியில் போட்டிருக்கிறார்கள். சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில், திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். இரண்டு மூன்று விநாடிதான். ஆனால் எந்த இரண்டு மூன்று விநாடி என்று பாருங்கள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து சோதித்தோம். என் எண்களில் இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்தோம். இரண்டு முறையும் கட்டங்கள், வேறு வேறு இடத்தில். கம்பெனி வைத்த பழைய எண்களில் செய்தோம். சுத்தமாக வந்தது. அவன் கார்டு 1257-க்கு 1050 கேட்கிற சிப். 1025-லேயே இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தப்பு செய்தது. நான் கொடுத்ததோ 1000.

வீடியோவைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டான். ஆனால் பாக்கிப் பணத்தில் பாதிதான் வந்தது. அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்து அவன் சொன்னது, "பரவால்ல விடுண்ணா." திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். எண்ணைக் கடன் கொடுக்காதீர்கள், கடன் வாங்காதீர்கள். வீடியோவில் பார்த்தது, சீனியர் சொன்னது, ஏன், நான் மேலே எழுதியிருக்கும் எண்கள், எல்லாம் அடுத்தவன் சட்டை. உங்கள் அளவு அதில் இல்லை. கொடுப்பதென்றால் அளவெடுக்கும் முறையைக் கொடுங்கள்.

வயசான கார்டு என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. சிப்பும் கிழடாகும். உள்ளே ஓடும் மின்சாரம் மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். இந்தத் தேய்மானம் மின்னோட்டத்தோடும் சூட்டோடும் எப்படிக் கூடுகிறது என்று 1960-களின் கடைசியிலேயே மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் சமன்பாடு எழுதிவிட்டார். டிரான்சிஸ்டர்களும் வருடம் ஆக ஆகச் சோம்பேறியாகும். புதிதில் 1000 மில்லிவோல்ட்டில் செய்த வேலைக்கு வயசான பிறகு இன்னும் கொஞ்சம் கேட்கும். வோல்டேஜும் சூடும் அதிகமானால் இந்த முதுமை சீக்கிரம் வரும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இன்டெல்லின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல இடங்களில் காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருந்தன. பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல்லே சொன்னது. அதனால் அந்தச் சிப்கள் ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜே மேலே நகர்ந்துவிட்டது. திருத்தம் வந்தது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போனதைத் திருத்தம் சரி செய்யாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். புதுச் சிப்புக்கே இந்தக் கதி என்றால், ஏழெட்டு வயசான கார்டுக்கு 1200 கொடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? வாரண்டி நீட்டிக் கொடுக்க நமக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, அளவெடுப்பது எப்படி? நானும் தம்பியும் பட்டுத் தேறியதைச் சொல்கிறேன்.

வோல்டேஜைத் தொடுவதற்கு முன் தூசியைத் தட்டுங்கள். பேன் தடையில்லாமல் சுற்றுகிறதா பாருங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருந்தால் புதிதாகப் போடுங்கள். என் கார்டில் இதற்கே 6 டிகிரி குறைந்தது. செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் ஜிபியு-இசட்டில் ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். 2304-க்குப் பதில் 2048 என்று இருந்தால், 580 என்ற பெயரில் சீனச் சந்தைக்கு வந்த வேறு கார்டு அது. மைனிங் செய்த கார்டில் பயாஸை மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் கம்பெனி பயாஸைத் திரும்பப் போட்ட பிறகு ஆரம்பியுங்கள்.

அப்புறம் கிளாக்கை முதலில் கொஞ்சம் இறக்கி நிறுத்திக்கொண்டு, வோல்டேஜை 25 மில்லிவோல்ட் வீதம் இறக்குங்கள். ஏஎம்டி டிரைவரிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அங்கே மெமரிக்குப் பக்கத்தில் ஒரு வோல்டேஜ் கட்டம் இருக்கும். அது மெமரியின் வோல்டேஜ் என்று நினைக்காதீர்கள். இந்தத் தலைமுறைக் கார்டுகளில் கோர் வோல்டேஜ் அதற்குக் கீழே போகாது என்கிற தரைதான் அது. அதைக் கவனிக்காமல் "இறக்கினேன், ஒன்றும் மாறவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டியது நீங்கள் நிஜமாகச் செய்யும் வேலையை. கேம் ஆடுகிறவர் கேம், வீடியோ செய்கிறவர் நீண்ட எக்ஸ்போர்ட், அதையும் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேமில் ஒரு பிக்சல் தப்பினால் அடுத்த பிரேமில் மறைந்துவிடும். ஃபைலில் தப்பினால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். தம்பி கோட்டை விட்டது இங்கேதான். முதல் தப்பு வந்ததும் ஒரு படி ஏறுங்கள். அப்புறம் இன்னொரு படியும் ஏறுங்கள். மார்கழியில் தேறிய எண் சித்திரை வெயிலில் தேறாமல் போகலாம், வருடம் போகப் போகவும் தேறாமல் போகலாம். ஆகவே வருடா வருடம் கோடையில் ஒரு முறை மறுபடி சோதியுங்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு, புதுசு வாங்கலாமே?" என்பார்கள். வாங்கலாம். பணம் இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஏஎம்டியும் 2023-லிருந்து இந்தத் தலைமுறைக்கு அவசியமான டிரைவர் திருத்தங்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. இது ரிட்டயர் ஆன கார்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ரிட்டயர் ஆனவரிடம் ராத்திரி ஷிப்ட் வாங்குவதற்கும், வீட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தாங்குகிற வேலையைத் தாங்குகிற வேகத்தில் கொடுத்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம். என் டிகிரி முடிய அது போதும்.

"அப்படியானால் எதையும் தொடாமல் கம்பெனி வைத்தபடியே விட்டுவிடலாமே?" இது இன்னும் நல்ல கேள்வி. சோதிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அப்படித்தான் விட வேண்டும். அரைகுறையாக இறக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

நான் இப்போது இரண்டு செட் எண்கள் வைத்திருக்கிறேன். கேம் ஆட 1000. விழுந்தால் நான்தான் விழுவேன், போகட்டும். பிராஜெக்ட் வேலைக்கும், யாருக்காவது ஏதாவது செய்து கொடுக்கும் வேலைக்கும் 1050. என் கார்டுக்கு அந்தக் கூடுதல் 50 தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். அது கார்டுக்காக வைத்தது இல்லை.

தம்பியின் கார்டு இப்போது 1075-ல் ஓடுகிறது. போன முகூர்த்த சீசனில் நான்கு கல்யாணம் முடித்துவிட்டான். ஒவ்வொன்றிலும் தாலி கட்டும் இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவை எடுக்கிறான்.

பி.கு.: "உன் எண் என்ன?" என்று கேட்டு யாரும் எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். "எப்படிச் சோதிப்பது, என் கார்டில் இந்த இடத்தில் நிற்கிறது" என்று எழுதுங்கள். செமஸ்டர் பரீட்சை இல்லாத நாளில் கட்டாயம் பதில் போடுகிறேன். :)